பத்துக்கு எட்டு

எங்கள் கடைக்குள் யார் நுழைந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, “எத்தனைக்கு எத்தனை?” என்பதுதான். கல்யாணமா, காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா என்பதெல்லாம் அப்புறம். அடி அளவு தெரியாமல் ப்ளெக்ஸ் பேனர் வேலையைத் தொடங்க முடியாது. வருகிறவர்கள் முழிப்பார்கள், கையை விரித்துக் காட்டுவார்கள், “ஒரு கதவு அளவு வெச்சுக்கங்களேன்” என்பார்கள். அவர் ஒருவர்தான் படியேறும்போதே பதிலைச் சொல்லிக்கொண்டு வருவார்.

“பத்துக்கு எட்டு, தங்கச்சி.”

அதுவே கடையில் அவருக்குப் பெயராகிவிட்டது. ஒரத்தநாடு கடைத்தெருவில் எங்கள் கடை. கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது நான். உள்ளே மெஷினை ஓட்டுவது என் வீட்டுக்காரர். அந்த அண்ணனுடைய சைக்கிளை வாசலில் பார்த்ததும், “பத்துக்கெட்டு வந்தாச்சு” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போடுவேன். அவர் உட்கார மாட்டார். என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். தோள்துண்டிலிருந்து வைக்கோல் வாசனை வரும். திரையில் அவர் மகளின் படத்தை நான் வைத்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“மூஞ்சிய இன்னும் கொஞ்சம் பெருசா.”

“இதுக்கு மேல போனா மத்த எழுத்துக்கு எடம் இருக்காதுண்ணே.”

“எழுத்தை யாரு படிக்கப் போறா? மூஞ்சிய பெருசாக்குங்க.”

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் அழுததையும் எழுதத்தான் போகிறேன், அதை வைத்து நான் நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பிடிக்காததற்குக் காரணம் அவர் வாய். ஒரே மகள். ‘பாப்பா’ என்பார். பாப்பா பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதல். பேனர். பாப்பா கட்டுரைப் போட்டியில் பரிசு. பேனர். பாப்பா ப்ளஸ் டூவில் அள்ளிய மார்க்குக்கு, ஊர் முனையில் ஒன்று, மெயின் ரோட்டில் ஒன்று என்று இரண்டு பேனர். “கணக்குல ரெண்டு மார்க் போயிடுச்சு தங்கச்சி. அது வாத்தியாரு தப்பு. பாப்பா சரியாத்தான் எழுதியிருக்கா” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கணக்கில் தவறிய என் பையன் வீட்டில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். இங்கே நான் உட்கார்ந்து அவர் மகள் கன்னத்துக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். வயிறு எரியுமா எரியாதா?

ஒரு தடவை வேண்டுமென்றே அந்தப் பெண்ணின் முகத்தைச் சின்னதாக்கினேன். ஒரு விரல் அளவுதான். கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையை உற்றுப் பார்த்து, “போன தடவை நெத்தி இந்த ஓரம் வரைக்கும் வந்துச்சே?” என்றார். குரலில் கோபமே இல்லை. என் மேல் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. “பாப்பாவுக்கு மூஞ்சி ஒட்டிப்போச்சோ? சரியா சாப்பிடுறதில்ல” என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. பழையபடி பெரிதாக்கினேன்.

மற்றவர்கள் பேனரில் அடியில் ஐம்பது தலை இருக்கும். மாமா, மச்சான், பங்காளி, பால்ய நண்பன் என்று வரிசையாக. சித்தப்பா தலை விட்டுப்போய்விட்டது என்று பாதி அச்சான பேனரை நிறுத்தியவர்கள் உண்டு. இவருக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. மகள் முகம் மட்டும். அடியில், ‘இவண்: பெருமையுடன் அப்பா’. அவ்வளவுதான்.

“உங்க போட்டோ ஒண்ணு ஓரமா வெக்கட்டுமாண்ணே?”

“என் மூஞ்சி எதுக்கு? அதைத்தான் ஊரே தினம் பாக்குதே.”

ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி பேசினார். பாப்பாவுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து, வெள்ளைக் கோட்டு போட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய படத்தோடு வந்திருந்தார். படத்தை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அப்புறம் சொன்னார்: “எங்க அப்பா அறுபது வருஷம் அடுத்தவங்க வயல்ல நின்னாரு தங்கச்சி. அவங்க வீட்டு மாட்டுக்குப் பேரு இருந்துச்சு. இவரை ‘டேய்’னுதான் கூப்புடுவாங்க. அவரு பேரை எங்கேயும் எழுதி நான் பாத்ததில்ல, ரேஷன் கார்டைத் தவிர. என் மவ பேரு ரோட்டுல நிக்கட்டும். போற வர பஸ்ஸெல்லாம் பாக்கட்டும்.” 

அன்றைக்கு நானாகவே முகத்தைப் பெரிதாக்கினேன்.

பேனர் கிழிந்த பிறகும் அதை விட மாட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் விடுவதில்லை. பழைய ப்ளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், குளியலறைக்குத் தடுப்பாகும், வைக்கோல் போருக்குப் போர்வையாகும். அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். மழை மேகம் கட்டினால் போதும், தரையில் கொட்டியிருக்கிற நெல் குவியலெல்லாம் மணமக்களாலும் தலைவர்களாலும் மூடிக்கிடக்கும். யாருடைய குவியல் எது என்று மற்றவர்கள் குழம்புவார்கள். இவருடையதைத் தேடவே வேண்டாம். பாப்பா அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். “என் மவதான் நெல்லுக்குக் காவல்” என்று அங்கேயும் பெருமை அடித்துக்கொண்டிருந்ததாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

அந்தப் பெண் மூன்றாம் வருஷம் படிக்கும்போது விழுந்தாள்.

சம்பா அறுவடை நேரம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், பாதி ரோட்டில் வண்டி போகும். நெல்லின் மேல் வண்டி ஏறிவிடக் கூடாதென்று ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். சாயங்காலம் கல்லூரி முடிந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். எதிரே பஸ். ஒதுங்கினாள். முன்சக்கரம் கல்லில் ஏறியது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்ததாம். தலையின் இடப்பக்கம் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபது நாளுக்கு மேல் கண் திறக்கவில்லை.

யார் வைத்த கல் என்று விசாரிக்கச் சொல்லி, கேஸ் போடச் சொல்லி அவரை எல்லோரும் பிடுங்கினார்கள். அவர் போகவில்லை. பிற்பாடு நானும்தான் கேட்டேன். “யாரு வெச்சிருந்தா என்ன தங்கச்சி? நானும் வருஷா வருஷம் வெக்கிறவன்தானே” என்றார். அந்த வருஷத்திலிருந்து அவர் ரோட்டில் நெல் காயப் போட்டதில்லை.

நாலு மாதம் கடைப் பக்கம் வரவில்லை. திடீரென்று ஒரு நாள் சைக்கிள் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் குரல் கொடுக்கவில்லை, மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். வந்தவர் ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆனால் அதே பேச்சு.

“பத்துக்கு எட்டு, தங்கச்சி. பாப்பா நாளான்னிக்கு வீட்டுக்கு வர்றா.”

வாசகம் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். ‘எமனை எட்டி உதைத்து வீடு திரும்பும் எங்கள் வீட்டுச் சிங்கமே, வருக!’

“எமன் வேண்டாம்ண்ணே. நல்லா இருக்காது.”

“ஏன்? உதைச்சாளா இல்லையா?”

“உதைச்சா. அதை ஏன் ரோட்டுல போடணும்?”

“பின்ன எங்க போடறது? எமன்ங்கிறதை நல்லா பெருசா போடுங்க. அவன்தானே தோத்தான்?” மல்லிகைப் பூ பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஓரமெல்லாம் மல்லிகை வைக்கச் சொன்னார். வைத்தேன். நடுவில் பெரிய முகம், சுற்றிலும் வெள்ளைப் பூ, மேலே கொட்டை எழுத்தில் எமன். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், அது எதைப் போல இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

என்ன நடக்கும்? நடந்தது. பஸ்ஸில் போகிறவன் வாசகத்தை முழுசாகவா படிப்பான்? அடிபட்ட பெண், தனி முகம், வெள்ளைப் பூ, எமன். கண்ணீர் அஞ்சலி என்று முடிவு கட்டிவிட்டார்கள். யாரோ திருத்துறைப்பூண்டிக்கு போன் போட்டு அவருடைய அக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆளுயர ரோஜா மாலையோடு வந்து இறங்கி, தெரு முனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் மாலையோடு வந்தார்கள். சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து பாப்பாவே வெளியே வந்தாள். “யாரு அத்தை, யாரு செத்துட்டா?” என்று கேட்டாள். அத்தை அங்கேயே மயக்கம் போட்டு விழுந்தாள்.

இதையெல்லாம் மறுநாள் அவரே வந்து என்னிடம் சொன்னார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “வந்தவங்களை விடுவனா? வந்தது வந்தீங்க, பாப்பாவைப் பாத்துட்டுப் போங்கன்னு உக்கார வெச்சு டீ போட்டுக் குடுத்தேன். ‘பாருங்க, எப்படி நடந்து வர்றா. எப்படிக் கேள்வி கேக்குறா’ன்னேன். மாலையைக் கொண்டுபோயி பம்பு செட்டு மோட்டாருக்குப் போட்டுட்டேன். வீணாவ வேணாம்ல?”

நானும் சிரித்தேன். அப்புறம் அவர் சிரிப்பு நின்றது.

“அரை மணி கழிச்சு, ‘எதுக்குப்பா இத்தினி பேரு வந்திருக்காங்க’ன்னு கேட்டா. உன்னைப் பாக்கத்தாம்மான்னேன். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறுபடி கேட்டா. ஆறு தடவை கேட்டா தங்கச்சி. மூணாவது தடவை வரைக்கும் எல்லாரும் சிரிச்சாங்க.”

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பழசெல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடம், ப்ளஸ் டூ மார்க், கல்லூரியில் சேர்ந்த நாள் வரைக்கும். அதற்கப்புறம் நடந்தது துண்டு துண்டாக இருந்தது. விழுந்தது சுத்தமாக இல்லை. புதிதாக எதைச் சொன்னாலும் தங்கவில்லை, தூங்கி எழுந்தால் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், எல்லாவற்றையும் எழுதி வைத்துப் பார்க்கப் பழக்குங்கள் என்று டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லியிருந்தார்.

“நோட்டுல எழுதறா. ஆனா நோட்டு எங்க இருக்குங்கிறதை மறந்துடறா” என்றார். “அதான் சுவத்துல மாட்டிட்டா தேட வேணாமே. ரெண்டுக்கு மூணு போதும் தங்கச்சி.”

அத்தனை வருஷத்தில் அவர் சின்ன அளவு கேட்டது அன்றுதான்.

அதிலிருந்து மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று போட்டோம். ‘பாப்பா, உனக்குத் தலையில் அடிபட்டது. இப்போது நலம்.’ ‘பாலை அடுப்பில் வைத்தால் அங்கேயே நில்.’ ‘அம்மா வயலுக்குப் போயிருக்கிறாள். மதியம் வருவாள்.’ எல்லாவற்றிலும் அடியில் மறக்காமல், ‘இவண்: பெருமையுடன் அப்பா’. பால் அடுப்புக்குப் பக்கத்தில் பெருமை எதற்கு என்று கேட்டேன். “அவ இதைப் படிச்சு அடுப்பை அணைச்சான்னா பெருமைதானே” என்றார்.

ஒரு தடவை பேனரைக் கொடுக்க நானே அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். வைக்கோல் போரிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடந்த பழைய பேனரையெல்லாம் எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மடித்து, கூடத்தைச் சுற்றி வரிசையாக மாட்டியிருந்தார். பத்தாம் வகுப்பு, கட்டுரைப் போட்டி, ப்ளஸ் டூ, வெள்ளைக் கோட்டு. வெயிலில் வெளுத்து, சாணிக்கறை போகாமல், எல்லாச் சுவரிலும் அவள் முகம். காலையில் எழுந்ததும் அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றி வருவாளாம். அவளுடைய அம்மா காப்பி கொடுத்தபடி, “எங்க வீட்ல சாமி படம் மாட்ட எடமில்லம்மா” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவர் மட்டும் என்னை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பேனராகக் காட்டினார், போட்டவளுக்கே.

“நேத்து பம்பு செட்டுலேருந்து தனியா வீட்டுக்கு வந்துட்டா தங்கச்சி. ஒரு எடத்துல கூட நிக்கல.” ப்ளஸ் டூ மார்க்கைச் சொன்ன அதே குரல். ஒரு இழை குறையவில்லை. இந்த மனுஷன் வாயையா நாம் இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று இருந்தது.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் வந்தார். அளவு சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவே புதுசு. பையிலிருந்து வெள்ளைக் கோட்டுப் படத்தை எடுத்து வைத்தார்.

“இதுல, பேருக்கு முன்னாடி ‘டாக்டர்’னு போட்டு, ‘கால்நடை மருத்துவப் படிப்பை வெற்றிகரமாக முடித்த’ன்னு போடணும்.”

“படிப்பு முடியலையேண்ணே.”

“தெரியும்.”

“காலேஜுல என்ன சொல்றாங்க?”

“வரும்போது வரட்டும்னுதான் சொல்றாங்க. நல்ல மனுஷங்க.” துண்டை எடுத்து மடித்தார், விரித்தார். “காலையில எந்திரிச்சதும் அவளுக்கு அடிபட்டது தெரியாது தங்கச்சி. சுவத்துல படிச்சாலும், இப்போது நலம்னுதானே இருக்கு, காலேஜுக்கு நேரமாச்சுன்னு குளிச்சு, தலை சீவி, பையை எடுத்துக்கிட்டு நிக்கிறா. ‘உனக்கு அடிபட்டிருக்கும்மா, இப்ப போவ முடியாது’ன்னு நான்தான் சொல்லணும். அப்பத்தான் மொத மொதல்ல கேக்குற மாதிரி அழுவுறா. தெனமும். எட்டு மாசமா தெனமும் நான் அவளை அடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். முடிச்சாச்சுன்னு சுவத்துல இருந்துச்சுன்னா கெளம்ப மாட்டால்ல?”

பொய் என்று தெரியும். இந்த ஊரில் பேனரில் பொய்க்குப் பஞ்சமா? பின்னால் ஆளே இல்லாத ஆளை மக்கள் தலைவன் என்று போட்டிருக்கிறேன். இதைப் போட்டால் என்ன என்று போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் மெஷினிலிருந்து எடுத்துச் சுருட்டும்போது, “வேணாம்னு தோணுது” என்றார். அவரை நான்தான் வாயை மூடச் சொன்னேன்.

முதல் ஒரு வாரம் நன்றாகத்தான் போயிருக்கிறது. எழுந்தாள், சுவரைப் படித்தாள், சிரித்தாள், கிளம்பவில்லை. அவர் கடைக்கு வந்து பாதுஷா கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் ஒரு நாள் காலையில் அவர்கள் வீட்டுப் பசுவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. கட்டுத்தறியில் நின்று கத்துகிறது. அம்மா பதறிப்போய் அவரைக் கூப்பிட்டாள். அதற்குள் பாப்பா எழுந்து, சுவரைப் படித்துவிட்டு, “நான் பாக்குறேன் நகருங்க” என்று கொட்டகைக்குப் போயிருக்கிறாள். மாட்டின் இடப்பக்க வயிற்றில் கை வைத்தாள். வைத்த கை வைத்தபடி நின்றாள். என்ன மருந்து, எவ்வளவு, எங்கே குத்த வேண்டும், ஒன்றும் வரவில்லை. மாடு கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் போன் போட்டு ஊர் மாட்டு டாக்டரை வரவழைத்தார். மாடு பிழைத்துக்கொண்டது.

“நான் டாக்டர்தானேப்பா? ஏன் எனக்கு ஒண்ணும் தெரியல? எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?” என்று கேட்டாளாம். மறுநாள் அவர் கடைக்கு வந்து சொன்னார்.

“மறந்து போச்சும்மான்னு சொன்னா, படிச்சது அத்தினியும் போச்சான்னு பயந்துடுவா. டாக்டர் இல்லம்மான்னு சொன்னா, சுவத்துல யாரு பொய் எழுதினதுன்னு கேப்பா. எனக்குப் பேச்சே வரல தங்கச்சி.” பேச்சு வராமல் போன அந்த வாயை நினைத்து நான் கடையிலேயே அழுதேன். அந்தப் பேனரை இரண்டு பேரும் சேர்ந்துதான் மாட்டியிருந்தோம், அவர் சுவரில் ஆணி அடித்தார், நான் எழுத்தைப் போட்டேன்.

பேனரை அன்றே கழற்றிவிட்டேன் என்றார். பழையபடி காலையில் கிளம்புகிறாள், பழையபடி சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். அப்புறம் இரண்டு மாதம் அவர் வரவே இல்லை. நான் நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஒளிந்துகொண்டிருந்தேன்.

வந்தது அவர் மட்டும் இல்லை. சைக்கிளின் பின்னால் பாப்பா. பேனரில் நூறு தடவை பார்த்த முகம், நேரில் சின்னதாக இருந்தது. இடப்பக்கம் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. கழுத்தில் கயிறு கட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டிருந்தாள். தொலையாமல் இருக்க அவளே கண்டுபிடித்த வழியாம். அவள்தான் பேசினாள்.

“அத்தை, நீங்கதான் பேனர் போடறவங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். நான் ஒண்ணு எழுதிட்டு வந்திருக்கேன். பத்து நாளா எழுதினேன். தெனமும் படிச்சுப் பாத்து, புரியாத எடத்தைத் திருத்தித் திருத்தி எழுதினேன். இதைப் போட்டுத் தருவீங்களா?”

நோட்டைக் கழற்றாமலே குனிந்து காட்டினாள். நான் பார்த்துத் தட்டச்சு செய்தேன். பெயர் இருந்த வரியை மட்டும் விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்:

‘நீ வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. அதனால்தான் மறக்கிறது. பைத்தியம் இல்லை.

மூன்றாம் வருஷம் வரை படித்தாய். முடிக்கவில்லை. நீ இன்னும் டாக்டர் இல்லை.

இன்றைக்குக் காலேஜ் கிடையாது. அழ வேண்டுமானால் அழு. அழுத பிறகு நோட்டைப் பார், நேற்று என்ன கற்றுக்கொண்டாய் என்று இருக்கும்.

அப்பா பெருமைக்காரர். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள். மீதி உண்மை.

இவண்: நான்.’

கடைசிக்கு முந்தின வரியை அடிக்கும்போது என் விரல் நின்றது. அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளிடம் மெதுவாகக் கேட்டேன், “இதை நோட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டியாம்மா?”

“எதை? அப்பா பெருமைக்காரருங்கிறதையா?” சிரித்தாள். “அது மறக்கவே இல்ல அத்தை. ஒண்ணாங்கிளாஸ்லேருந்து தெரியும்.”

அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அதே வைக்கோல் வாசனை. திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு தடவை முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அய்யோ, மனுஷன் உடைந்துபோய்விட்டார், தகப்பனை இப்படியா எழுதுவாள் என்று எனக்குப் பதறியது.

துண்டை எடுத்தார்.

“தங்கச்சி, இதுல ஒரு தப்பு இருக்கா பாருங்க. ஒரு எழுத்து? ஒரு கமா?”

“இல்லண்ணே.”

“தலையில அடிபட்ட புள்ள எழுதினது! முந்தா நேத்து எழுதினதை இன்னிக்குப் படிச்சுத் திருத்தியிருக்கா! எவன் புள்ள எழுதும் இப்படி? அப்பன்கிட்ட பொய் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கா பாருங்க!” குரல் ஏறிக்கொண்டே போனது. மெஷினை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். “இது வீட்டுக்குள்ள இருக்க வேண்டியது இல்ல. பஸ் ஸ்டாண்டுல வெக்கணும். போடுங்க தங்கச்சி, பத்துக்கு எட்டு!”

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் குனிந்து நோட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பற்றிய அந்த வரியைத் தேடி விரலை வைத்துக்கொண்டாள்.

“பாதியைக் கழிச்சுக்கங்க அத்தை” என்றாள். “வீட்டுச் சுவத்துக்குத்தான்.”

ஐந்துக்கு நாலு என்று அளவை அடித்தேன். ஓரத்தில் அவள் படத்தை வைத்ததும், முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மூஞ்சிய மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா.”